கடனும் இருதயமும்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலை

கடன்காரனுக்கு நித்திரை வராது என்று நம் வீடுகளில் முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். நித்திரை மட்டுமோ, உண்டது செரிக்காது, நெஞ்சும் படபடக்கும் என்று சிலர் அதனோடு சேர்த்துச் சொல்வர். உலக வழக்கில் நெடுங்காலமாக இருந்துவந்த இவ்வெண்ணத்தை வைத்திய அறிஞர் கருவிகொண்டு அளந்து பார்க்கத் தலைப்பட்டது அண்மைக் காலத்திலேயாகும். அவ்வாறு அளந்தபோது அமெரிக்க ஐக்கிய நாட்டிலே ஒரு கேள்வி எழுந்தது. அந்நாட்டிலே வெள்ளை இனத்தவரும் கறுப்பினத்தவரும் கடன் படுகின்றனர். இரு சாராரிடத்தும் இருதய நோய் உண்டு. ஆயினும் ஏட்டிலே ஒரே தொகையாகத் தோன்றும் கடன் இரு சாராரையும் ஒரே விதமாகத் தாக்குவதில்லை. இதற்குக் காரணம் குருதியில் உள்ளதா, அல்லது கடனிலேயே உள்ளதா என்பதை இன்று நேயர்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

இவ்விடயத்தைத் தொடங்குவதற்கு ஒரு மனிதரின் கதையே தக்க வாயிலாகும்.

1978ஆம் ஆண்டில், வட கரோலைனா மாநிலத்தின் நாட்டுப்புறம் ஒன்றிற்கு ஷேர்மன் ஜேம்ஸ் என்னும் ஆராய்ச்சியாளர் சென்றார். மக்களிடையே நோய் பரவும் வகையை ஆராய்வது அவருடைய துறை, அம்மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவர், தாமும் கறுப்பினத்தவர். அவர் காணச் சென்றது ஜோன் ஹென்றி மார்ட்டின் என்னும் முதிய கமக்காரரை. மார்ட்டின் 1907இல் மிக வறிய குடும்பத்திலே பிறந்தவர். பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு மேற் படித்தவரல்லர். எழுத்தும் வாசிப்பும் தாமே முயன்று கற்றவர். பிறருடைய நிலத்தை வாரத்துக்குச் செய்து, விளைவிற் பெரும் பகுதியை நிலக்காரருக்குக் கொடுத்து, எஞ்சியதையும் கடனுக்கு இழக்கும் வாழ்விலே அவர் அகப்பட்டிருந்தார். அதிலிருந்து தம்மையும் தம் பிள்ளைகளையும் மீட்டே தீர்வதென்று உறுதி பூண்டார். கடன் பெற்று நிலம் வாங்கினார். நாற்பது ஆண்டுகளிற் கட்டி முடிக்க வேண்டிய அக்கடனை, இரவு பகல் என்று பாராது உழைத்து, ஐந்தே ஆண்டுகளிற் கட்டி முடித்தார். நாற்பது வயதாகும்போது எழுபத்தைந்து ஏக்கர் நல்ல விளைநிலம் அவருக்குச் சொந்தமாக இருந்தது.

இதுவரையில் இது பாடப் புத்தகத்திற் சேர்த்துக்கொள்ளத் தக்க கதைதான். ஆனால் ஜேம்ஸ் அவரைத் தேடிச் சென்றது இதற்காகவன்று. ஐம்பது வயதின் பிற்பகுதிக்குள் மார்ட்டினுக்கு இரத்த அமுக்கம் மிகுந்துவிட்டது. மூட்டு வாதம் பீடித்தது. குடற்புண் முற்றி, இரைப்பையில் நூற்றுக்கு நாற்பது பங்கை வைத்தியர்கள் வெட்டி அகற்ற நேர்ந்தது. நாற்பது ஆண்டுக் கடனை ஐந்தாண்டிற் கட்டியவர், மீதி முப்பத்தைந்து ஆண்டின் வட்டியைத் தம் உடம்பினாற் கட்டினார் போலும்.

பேச்சு நடந்துகொண்டிருக்கையிலே, உணவுக்கு வருமாறு மனைவியார் அவரை "ஜோன் ஹென்றி" என்று பெயர் சொல்லி அழைத்தாராம். அக்குரலைக் கேட்ட மாத்திரத்தே ஜேம்ஸ் திடுக்கிட்டார். கறுப்பின மக்களிடையே வழங்கும் ஒரு பழங்கதையின் நாயகனுக்கும் அதுவே பெயர். புகையிரதப் பாதைக்காக மலையைக் குடைந்த காலத்திலே, சம்மட்டி கொண்டு பாறையிலே உளி அறையும் தொழிலாளி அவன். நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு அதனை வென்றான். வென்ற கணத்திலேயே கையிற் சம்மட்டியோடு விழுந்து இறந்தான். மார்ட்டினின் வரலாறும் அக்கதையின் சாயலே என்று ஜேம்ஸ் கண்டார். பெருந் தடையொன்றை, போதிய துணையும் வசதியும் இன்றி, உழைப்பினால் மட்டுமே வென்றுவிடலாம் என்று இடையறாது முயலும் இயல்புக்கு அவர் "ஜோன் ஹென்றித் தன்மை" என்று பெயரிட்டார். அதனை அளப்பதற்குப் பன்னிரண்டு வாசகங்கள் கொண்ட வினாத்தாள் ஒன்றையும் அமைத்தார்.

கடன் உடம்பை எவ்வழியாகத் தாக்குகிறது என்பதை இங்கே சிறிது விளக்குவது நன்று. ஆபத்தைக் கண்டவுடன் நம் உடம்பு ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ ஆயத்தமாகிறது. சிறுநீரகங்களின் மேற்புறத்தே அமர்ந்துள்ள சுரப்பிகள் அதிரினலின் என்னும் பொருளைக் குருதியிற் கலக்கின்றன. இருதயம் விரைந்து அடிக்கிறது. நாடிக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அமுக்கம் ஏறுகிறது. ஆபத்து நெடுநேரம் நீடிக்குமாயின் கோர்ட்டிசோல் என்னும் மற்றோர் ஓமோனும் மிகுந்து சுரக்கிறது. காட்டு விலங்கு துரத்தும்போது இவ்வேற்பாடு நம்மைக் காக்கும். விலங்கு போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். கடனோ திரும்பிப் போகாத விலங்கு. மாதம் பிறந்தால் தவணை. தவணை தவறினால் அறிவித்தல். அறிவித்தலின் பின் வழக்கு. நாட்டைக் காக்கும் படை ஆண்டுக் கணக்கில் ஆயுதத்தை இறக்காது நின்றால் நாட்டுக்கு என்ன நேருமோ அதுவே உடம்புக்கும் நேர்கிறது. நாடிக் குழாய்களின் சுவர் தடித்து இறுகுகிறது; சிறுநீரகம் உப்பை வெளியேற்றாது தேக்கிக்கொள்கிறது; இருதயத்தின் தசை கூடுதலாக உழைத்துப் பருக்கிறது. இவை கூடியே மாரடைப்புக்கும் பாரிசவாதத்துக்கும் வழி சமைக்கின்றன.

வேறொரு வழியும் உண்டு. அது இத்துணை நுட்பமானதன்று. கடன்பட்டவர் மருந்து வாங்கும் காசைத் தவணைக்குக் கொடுக்கிறார். பழைய வைத்தியச் செலவு நிலுவையில் உள்ளமையால் ஆஸ்பத்திரிப் படி ஏற அஞ்சுகிறார். இரண்டாவது வேலை ஒன்றைத் தேடி நித்திரையைக் குறைத்துக்கொள்கிறார். அமெரிக்காவிலே வைத்தியச் செலவே பலரைக் கடனாளியாக்கும் காரணமாக இருத்தலின் இவ்வழி அங்கே அகன்ற வீதியாகவே உள்ளது. இலவச ஆஸ்பத்திரிக்குப் பழகிய நமக்கு இது விளங்குவது சற்றுக் கடினம்.

இனி, குருதியைப் பற்றிய கேள்விக்கு வருவோம். அமெரிக்கக் கறுப்பினத்தவரில் வளர்ந்தோரைக் கணக்கெடுத்தால் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்த அமுக்கம் மிகுந்துள்ளது. வெள்ளையரிடையே இத்தொகை குறைவு. இதைக் கண்டவர்கள் பல காலம், "அது அவர்கள் இனத்தின் இயல்பு" என்று சொல்லித் திருப்தியடைந்தனர். ரிச்சட் கூப்பர் என்னும் வைத்திய அறிஞரும் அவருடைய தோழரும் இதனைச் சோதிக்க ஒரு நல்ல வழி கண்டனர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மூதாதையர் மேற்காபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர். கரீபியன் தீவுகளில் வாழ்வோரும் அவ்வாறு வந்தவர்களின் வழித்தோன்றல்களே. ஆகவே மூன்று இடங்களிலும் ஒரே முறையில் அளந்து பார்த்தனர். 1997இல் வெளியிட்ட முடிவு இது: மேற்காபிரிக்காவில் நூற்றுக்கு 16 பேருக்கு மிகை இரத்த அமுக்கம், கரீபியன் தீவுகளில் 26 பேருக்கு, அமெரிக்காவில் 33 பேருக்கு. ஒரே வேரிலிருந்து கிளைத்த மக்களிடையே, வாழும் இடம் மாற நோயும் இரு மடங்காயிற்று. 2005இல் அவர்கள் ஐரோப்பிய வெள்ளையரையும் சேர்த்து ஒப்பிட்டபோது, ஜெர்மனியரிடையே இந்நோய் நூற்றுக்கு 55 எனவும், அமெரிக்கக் கறுப்பினத்தவரிடையே 44 எனவும், நைஜீரியரிடையே 14 எனவும் கண்டனர். தோலின் நிறம் இதனைத் தீர்மானிப்பதாயின் இவ்வரிசை இவ்வாறு அமைந்திராது.

அங்ஙனமாயின், காரணத்தைக் கறுப்பினத்தவர் வாழும் வாழ்விலேதான் தேடவேண்டும். அவ்வாழ்வின் பல கூறுகளில் ஒன்று கடன். அவர்கள் படும் கடன் எத்தகையது என்று அறிவதற்கு வரலாற்றின் பக்கங்களைப் புரட்டவேண்டியுள்ளது.

1865இல் உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைத்தளை நீங்கியது. விடுதலை பெற்றவர்களுக்கு நாற்பது ஏக்கர் வரையில் நிலம் பங்கிடுவதென அவ்வாண்டின் தொடக்கத்திலே சேனாபதி ஷேர்மன் சில கரையோரப் பகுதிகளுக்குக் கட்டளை பிறப்பித்திருந்தார். அவ்வாண்டு முடியுமுன்னரே சனாதிபதி அன்ட்ரூ ஜோன்சன் அந்நிலங்களைப் பழைய சொந்தக்காரருக்குத் திரும்ப அளிக்கச் செய்தார். நிலமும் இல்லை, ஏரும் இல்லை, விதையும் இல்லை. உடம்பும் உழைப்பும் மட்டுமே எஞ்சின. ஆகவே பழைய எசமானரின் நிலத்தையே வாரத்துக்குச் செய்தனர். பருத்தி விளைந்து விலைப்படும் வரையில் உண்பதற்கும் உடுப்பதற்கும் கடைக்காரரிடம் கடன் பெற்றனர். கடையிலே ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விலை இருந்தது: கைக்காசுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை. இவ்விரு விலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை வட்டியாகக் கணக்கிட்டுப் பார்த்த பொருளாதார வரலாற்றறிஞர் இருவர், 1880களிலே ஜோர்ஜியா மாநிலத்தில் அது ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு அறுபதாக இருந்ததெனக் கண்டனர். ஆண்டிறுதியிற் கணக்குப் பார்ப்பர். கணக்குப் புத்தகமோ நிலக்காரர் கையில். உழைத்தவருக்கோ பெரும்பாலும் எழுத்தறிவு இல்லை. "இவ்வாண்டும் சிறிது குறைகிறது, வரும் ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்பதே பலருக்குக் கிடைத்த விடை.

கடன் தீராமல் நிலத்தை விட்டுப் போனால் என்ன நேரும் என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். அலபாமா மாநிலத்தில் அலன்சோ பெய்லி என்னும் கறுப்பினத்தவர் மாதம் 12 டொலர்ச் சம்பளத்துக்கு ஓராண்டு வேலை செய்ய உடன்பட்டு, 15 டொலர் முற்பணம் பெற்றார். ஒரு மாதமும் சில நாளும் வேலை செய்தபின் விலகினார். முற்பணம் பெற்றபின் வேலையை விட்டால் மோசடி செய்யும் எண்ணம் இருந்ததாகவே கொள்ளவேண்டும் என்பது அம்மாநிலத்துச் சட்டம். அவ்வாறான எண்ணம் தமக்கு இருக்கவில்லை என்று குற்றஞ் சாட்டப்பட்டவர் தம் வாயாற் சொல்லவும் இடமில்லை. பெய்லிக்குக் குற்றப்பணமும் வழக்குச் செலவும் விதிக்கப்பட்டன. அவற்றைக் கட்டத் தவறினால் 136 நாட் கடூழியம். 1911இலே நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாதெனத் தீர்த்தது. தீர்ப்பு வந்தது, எனினும் இத்தகைய வழக்கங்கள் தென்மாநிலங்களில் உடனே மறைந்துவிடவில்லை. மார்ட்டினுக்கு அப்பொழுது நான்கு வயது. அவர் வளர்ந்தது இவ்வுலகிலேதான். கடன் என்றால் வேலைக்காரரைக் கட்டிவைக்கும் கயிறு என்பதை அவர் புத்தகத்தில் வாசித்து அறிந்திருக்கமாட்டார். நம் மலைநாட்டுத் தோட்டங்களிலே கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய "துண்டு" ஒன்றில் தொழிலாளியின் போக்குவரத்து முழுவதும் அடங்கிக் கிடந்ததையும், 1921இலேதான் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டதையும் அறிந்த நேயர்களுக்கு இதனை மேலும் விரிக்க வேண்டியதில்லை.

தென்மாநிலங்களை விட்டு வடக்கேயுள்ள நகரங்களுக்குப் பல இலட்சம் பேர் குடிபெயர்ந்தனர். அங்கே கடன் வேறு உருவம் எடுத்தது. 1933இல் மத்திய அரசாங்கம் அமைத்த வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று இருநூறுக்கு மேற்பட்ட நகரங்களின் வரைபடங்களைத் தயாரித்தது. கடன் கொடுக்கத் தக்க பகுதிகளுக்குப் பச்சை; மிகவும் ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. 1934இல் தோன்றிய வீடமைப்பு நிர்வாகமும், வங்கிகள் கொடுக்கும் வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் அளிக்கையில் இத்தகைய பகுதிகளை ஒதுக்கியது. அதனால் வெள்ளையர் குறைந்த வட்டியில், நீண்ட தவணையில், ஈட்டின் பேரில் வீடு வாங்க, கறுப்பினத்தவர் தவணை ஒப்பந்தக்காரரிடம் போகவேண்டியதாயிற்று.

இவ்வொப்பந்தத்தின் தன்மையை நேயர்கள் கவனிக்கவேண்டும். வீட்டின் உறுதி விற்றவர் கையிலேயே இருக்கும். வாங்கியவர் மாதந்தோறும் கட்டுவார். பழுதும் அவரே பார்ப்பார். வரியும் அவரே செலுத்துவார். ஒரு தவணை தவறினாலும் வீடும் போகும், அதுவரை கட்டிய பணமும் போகும். சிக்காகோ நகரிலே 1950களிலும் 1960களிலும் கறுப்பினத்தவருக்கு விற்கப்பட்ட வீடுகளில் நூற்றுக்கு 75 முதல் 95 வரை இம்முறையில் விற்கப்பட்டன என 2019இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று மதிப்பிட்டது. 1968இல் அந்நகரத்தார் சங்கம் அமைத்துத் தவணை கொடுக்க மறுத்துப் போராடினர். அவ்வாண்டிலேயே வீடு விற்பதில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்தது. கடன் கொடுப்பதிற் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1974இல் வந்து, 1976இல் இனத்தையும் உள்ளடக்குமாறு விரிவாக்கப்பட்டது.

இப்பொழுது ஒரே தொகைக் கடன் பட்ட இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பாட்டன் வாங்கிய வீட்டின் விலை ஏற, அதன் பயனைப் பெற்ற குடும்பத்தவர். மற்றவரின் பாட்டன் ஒரு தவணை தவறியமையால் வீட்டை இழந்தவர். இருவருக்கும் இருபதினாயிரம் டொலர் கடன். முன்னவருக்கு வேலை போனால் தந்தையார் இரண்டு தவணையைக் கட்டிவிடுவார். பின்னவருக்கு வேலை போனால், அவர் தந்தையாரே இவருடைய சம்பளத்தை எதிர்பார்த்திருப்பவர். அமெரிக்க மத்திய வங்கி 2022இல் எடுத்த குடும்ப நிதிக் கணக்கின்படி, கடனெல்லாம் கழித்தபின் வெள்ளையர் குடும்பத்தின் நடுநிலைச் சொத்து 285,000 டொலர். கறுப்பினக் குடும்பத்தினுடையது 44,900 டொலர். ஒரே கடன் எனினும் அதன் பின்னே நிற்கும் சுவரின் உயரம் இதுவே.

கல்விக் கடனைப் பார்ப்போம். ஆசிரியத் தொழிலிற் காலங் கழித்த எனக்கு இதுவே அதிக மனவருத்தத்தைத் தருவது. பட்டம் பெறும் நாளிற் கறுப்பின மாணவர் வெள்ளை மாணவரிலும் சராசரி 7,400 டொலர் அதிகமான கடனோடு வெளியேறுகின்றனர் என்று 2016இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியது. நான்காண்டு கழித்துப் பார்க்கையில் வெள்ளையர் கடன் ஏறக்குறைய 28,000 டொலர். கறுப்பினத்தவர் கடன் ஏறக்குறைய 53,000. வட்டி ஏறுவதும், மேற்படிப்புக்கு மீண்டும் கடன் படுவதும் இவ்விடைவெளியை விரித்தன. முன்னேறும் ஏணி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் கல்வியே இங்கு சுமையாகவும் ஆகிவிடுகிறது. எலிசபெத் ஸ்வீட் என்பாரும் அவருடைய தோழரும் 2013இலே, நாடு முழுவதிலுமிருந்து தெரிந்தெடுத்த இளம் வயதினரை ஆராய்ந்தபோது, சொத்தோடு ஒப்பிடுகையிற் கடன் மிகுந்தவர்களிடம் மனச்சுமையும் மனச்சோர்வும் மிகுந்திருந்ததோடு, இருதயம் ஓய்ந்திருக்கும் கணத்து இரத்த அமுக்கமும் சிறிது உயர்ந்திருக்கக் கண்டனர். கவனிக்க: அவர்கள் வெறுங் கடன் தொகையை மட்டும் பார்க்கவில்லை, கடனுக்கும் சொத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தனர்.

ஷேர்மன் ஜேம்ஸின் வினாத்தாள் என்ன காட்டியது? எட்ஜ்கோம்ப் என்னும் வட கரோலைனா மாவட்டத்திலே 1983இல் இரு இனத்தவரிடமும் விசாரித்து, 1987இல் அவர் முடிவை வெளியிட்டார். விடாமுயற்சி மிகுந்த கறுப்பினத்தவரிடையே, கல்வியிலும் தொழிலிலும் தாழ்ந்த நிலையில் இருந்தோருக்கு, உயர்ந்த நிலையில் இருந்தோரைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு மிகை இரத்த அமுக்கம் காணப்பட்டது. வெள்ளையரிடம் இவ்வொழுங்கு தெளிவாகத் தோன்றவில்லை. முயற்சி உடையோர் இகழ்ச்சி அடையார் என்று நாள்தோறும் வகுப்பறையிற் சொல்லும் நமக்கு இம்முடிவு சங்கடமானதே. ஆயினும் முயற்சியை இது குறை கூறவில்லை. கைக்கு எட்டும் வசதியோடு முயன்றவர் வாடவில்லை. வசதியின்றி முயன்றவரே வாடினர்.

இங்கே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். பக்கத்து மாவட்டமாகிய பிட் என்னுமிடத்தில் 1988இல் தொடங்கிய பெரிய ஆராய்ச்சி முன்னைய முடிவை அவ்வாறே திரும்பக் காட்டவில்லை; அதனை ஜேம்ஸ் அவர்களே ஒளியாது வெளியிட்டார். மேலும், நோய் வந்தமையாற் கடன்பட்டவர் பலர். கடன் பட்டமையால் நோய் வந்ததென அவர்களையும் எண்ணிவிடலாகாது. இன்னுமொரு நுட்பம் உண்டு. கணக்கேட்டிலே "கடன் இல்லை" என்று எழுதப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே வகையினர் அல்லர். தேவையின்மையாற் கடன் படாதவர் ஒருவர். எந்த வங்கியும் கொடுக்க மறுத்தமையாற் கடன் இல்லாதவர் மற்றொருவர். வெள்ளையரிடையே முதல் வகையினர் அதிகம் இருக்க, கறுப்பினத்தவரிடையே இரண்டாம் வகையினரும் கணிசமாக இருப்பாராயின், அங்கே கடன் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நலத்தில் அதிக வேறுபாடு தோன்றாது. அதைக் கண்டு, கடன் அவர்களைத் தாக்குவதில்லை என்று முடிவு செய்வது பெருந் தவறாகும். நிம்மதியான வீட்டை நிம்மதியற்ற வீட்டோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்; இரண்டு வீட்டிலும் நிம்மதி இல்லையாயின் எதைக் கொண்டு எதை அளப்பது?

இக்கேள்விகள் இத்துணைப் பிந்தி எழுந்தமைக்கும் ஒரு காரணம் உண்டு. இருதய நோய்க்கு இரத்த அமுக்கமும் கொழுப்பும் புகைத்தலும் காரணம் என்று உலகுக்கு அறிவித்த பேராராய்ச்சி, மசச்சூசெற்ஸ் மாநிலத்து பிராமிங்காம் என்னும் ஊரில் 1948இல் தொடங்கியது. அதிற் சேர்க்கப்பட்ட 5,209 பேரும் ஏறக்குறைய முழுவதும் வெள்ளையர். கறுப்பினத்தவரையும் வெள்ளையரையும் நிகராகச் சேர்த்து இளமை முதற் பின்தொடரும் ஆராய்ச்சி 1985இலேதான் நான்கு நகரங்களிற் தொடங்கியது. கறுப்பினத்தவரை மட்டுமே, ஐயாயிரத்துக்கு மேற்பட்டோரை, ஆராயும் முயற்சி மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

கடனே நோயைத் தருவதாயின், கடனைத் தள்ளுபடி செய்தால் நோய் தீராதா என்று நேயர்கள் கேட்கக்கூடும். அதனையும் சோதித்துப் பார்த்திருக்கின்றனர். 2018 முதல் 2020 வரையில், தரும நிறுவனம் ஒன்று 83,401 பேருடைய வைத்தியக் கடன்களை, ஏட்டின்படி 16 கோடியே 90 இலட்சம் டொலர் பெறுமதியானவற்றை, வசூல் செய்வோரிடமிருந்து மலிவாக வாங்கித் தள்ளுபடி செய்தது. யாருக்குத் தள்ளுபடி என்பது குலுக்கல் முறையிலே தீர்மானிக்கப்பட்டது. 2024இல் முடிவு வெளியானது. சராசரியிற் பார்க்கையில், கடன் நீங்கியவர்களின் மனநலமும் பொருள்நிலையும் கடன் நீங்காதவர்களினதைக் காட்டிலும் உயரவில்லை. ஆராய்ச்சி செய்தவர்களே இதனை எதிர்பார்க்கவில்லை. நீங்கிய கடன்களிற் பல, ஏற்கெனவே நெடுநாட் பழையவை. கட்டுவதையும் அம்மக்கள் பெரும்பாலும் நிறுத்திவிட்டிருந்தனர். ஏட்டில் இருந்த எண் மறைந்தது. அடுத்த மாதத்து வாடகையும், அடுத்த நோய்க்கான செலவும், அவற்றுக்குத் துணை நிற்க எவருமில்லாத நிலையும் அப்படியே இருந்தன.

மார்ட்டின் உழுத வட கரோலைனாவிலே 2024இல் மாநில அரசாங்கம் ஒரு திட்டத்தை முன்வைத்தது. அங்குள்ள 99 ஆஸ்பத்திரிகளும் அதற்கு உடன்பட்டன. ஏறக்குறைய 20 இலட்சம் பேரின் 400 கோடி டொலர் பழைய வைத்தியக் கடன் நீங்கும் என்பது அப்போதைய மதிப்பீடு. பழைய கடனை நீக்குவதோடு அத்திட்டம் நிற்கவில்லை. குறைந்த வருமானமுடையோர் இனிமேல் வைத்தியத்துக்கு வரும்போது கட்டணத்திற் பாதியோ, முழுவதுமோ முன்னதாகவே கழிக்கப்படவேண்டும் என்பதும் ஆஸ்பத்திரிகள் ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுள் ஒன்று. முன்னைய சோதனையில் இல்லாதிருந்த பகுதி இதுவே. அங்குள்ளவர்களின் இரத்த அமுக்கம் இதனால் எவ்வளவு இறங்குகிறது என்பதை அளப்பதற்கு இன்னும் பல ஆண்டுகள் வேண்டும்.